கடலைத் தட்டும் ஐந்து பல்லக்குகளும்

சீனப் பெருநாளின் பதினைந்தாம் நாள் சாப் கோ மே. மற்ற ஊர்களில் அதோடு கொண்டாட்டம் முடிந்துவிடும். சிவப்புத் தோரணங்களைக் கழற்றி மடித்து வைத்துவிடுவார்கள். எங்கள் ஜொகூர் பாருவில் மட்டும் முடியாது. உண்மையான திருவிழாவே அதற்குப் பிறகுதான் தொடங்கும். பதினெட்டாம் நாளில் ஜாலான் துருஸில் விளக்கேற்றுவார்கள். இருபத்தோராம் நாள் இரவு நகரமே வீதியில் நிற்கும். அதுதான் சிங்கே.

எனக்கு ஏழு வயதிருக்கும். அப்பா ரயில்வேயில் வேலை. சம்பளம் மாதக் கடைசி வரை தாங்காது. அதனால் திருவிழா நாள்களில் கச்சாங் பூத்தே விற்கப் போவார். சிங்கே இரவுதான் அவருக்குப் பெரிய வியாபாரம். அன்று காலையிலேயே அம்மா அடுப்படியில் உட்கார்ந்துவிடுவார். முறுக்கு, ஓமப்பொடி, காரக்கடலை, அவித்த கொண்டைக்கடலை, மாவில் தோய்த்துப் பொரித்த பட்டாணி. எல்லாவற்றையும் அறை அறையாகப் பிரித்த மரத்தட்டில் கொட்டி, தலையில் சும்மாடு வைத்து அப்பா தூக்கிக்கொள்வார். என் வேலை தாள் சுருட்டுவது. பள்ளிக்கூடத்தின் பழைய கணக்குப் புத்தகத்தைக் கிழித்துக் கூம்பு செய்து கொடுக்க வேண்டும். நான் தப்பாகப் போட்ட கணக்குகளை எல்லாம் ஜொகூர் பாரு மக்கள் கடலையோடு கையில் வாங்கிப் போனார்கள்.

அந்த இரவில் நான் முதலில் பயந்தேன். கூட்டம் என்றால் அப்படி ஒரு கூட்டம். மேளமும் தாளமும் நெஞ்சுக்குள் இடிக்கின்றன. தூரத்திலிருந்து ஒரு பல்லக்கு வருகிறது. நம் சாமி பல்லக்கு மாதிரி அசைந்து அசைந்து வரவில்லை. தூக்கி வரும் இளைஞர்கள் அதை முன்னும் பின்னும் போட்டுக் குலுக்குகிறார்கள். "ஹெங் ஆ! ஹுவாட் ஆ!" என்று அத்தனை பேரும் கத்துகிறார்கள். சாமியைக் கீழே போட்டுவிடுவார்கள் என்றே நினைத்தேன். அப்பாவின் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டு அழ ஆரம்பித்துவிட்டேன்.

பக்கத்தில் நின்ற ஒரு சீனத் தாத்தா கடலைக்குக் காசு கொடுத்துவிட்டு என்னைக் குனிந்து பார்த்தார். அப்பாவிடம், "ஆனே, இவன் ஏன் அழுகிறான்?" என்று மலாயில் கேட்டார். அப்பா பதில் சொல்வதற்குள் என்னை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். "ஜங்கான் தாக்குட்" என்றார். பயப்படாதே என்று அர்த்தம். அவர் தோளிலிருந்து ஐந்து பல்லக்குகளையும் பார்த்தேன். மூன்றாவது பல்லக்கு வரும்போது நானும் "ஹுவாட் ஆ" என்று கத்திக்கொண்டிருந்தேன். வளமும் பெருக்கமும் கேட்கிற சத்தம் அது என்று பிற்பாடுதான் தெரிந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் அப்பாவிடம் கேட்டேன். "அது என்னப்பா சாமி?"

"சாமிதான். நம்ம சாமி உலா போகுது இல்லையா, அது மாதிரி. இவங்க குலுக்கிக் குலுக்கித் தூக்குறாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

இத்தனை வருடம் கழித்து அந்தக் கேள்வி மறுபடியும் வந்தது. இந்த முறை கேட்டது அண்ணன் மகள். தினமும் விடியற்காலையில் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகிறவள். சிங்கே இரவன்று என்னோடு வந்து நின்றாள். கைப்பேசியில் படம் எடுத்தபடியே கேட்டாள்.

"சித்தப்பா, இது எப்பத் தொடங்குச்சு?"

எனக்குத் தெரியும். அதனால் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

மிளகும் காசுக்கட்டியும் கட்டிய ஊர்

1855-இல் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் இந்தக் கடற்கரையில் ஒரு குடியிருப்பை உருவாக்கினார். அப்போது அதன் பெயர் தஞ்சோங் புத்ரி. 1866-இல் அவருடைய மகன் அபு பக்கார் அதற்கு ஜொகூர் பாரு என்று பெயர் வைத்தார். ஊர் இருந்ததே தவிர, பின்னால் முழுவதும் காடு. காட்டைத் திருத்த ஆள் வேண்டும். சிங்கப்பூரில் மிளகும் காம்பிரும் பயிரிட்டுக்கொண்டிருந்த சீனர்கள் நிலம் சத்திழந்து போய் வேறு இடம் தேடிக்கொண்டிருந்தார்கள். அவர்களை ஜொகூர் ஆட்சியாளர்கள் அழைத்தார்கள்.

காம்பிர் என்றால் வேறொன்றுமில்லை. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் பழுப்பு நிறக் கட்டியாக இருக்குமே, காசுக்கட்டி, அந்த வகைப் பொருள். இலையைப் பறித்துப் பெரிய கொப்பரையில் கொதிக்க வைத்து, சாற்றை வற்ற வைத்துக் கட்டியாக்குவார்கள். தோல் பதனிடவும் சாயம் போடவும் ஐரோப்பாவில் அதற்கு நல்ல கிராக்கி. கொதிக்க வைத்து மிஞ்சிய இலை மிளகுக் கொடிக்கு உரம். அதனால் இரண்டையும் சேர்த்தே பயிரிட்டார்கள். ஆனால் கொப்பரைக்கு விறகு தீராது. சுற்றியுள்ள காடு விறகாகத் தீர்ந்ததும் அடுத்த ஆற்றங்கரைக்குப் போய்விடுவார்கள்.

ஆற்றுக்கு ஆறு போனதால் நிர்வாகமும் ஆற்றை வைத்தே நடந்தது. ஒரு தலைவருக்கு ஓர் ஆற்றங்கரை. அதற்கு ஆட்சியாளர் கொடுத்த அனுமதிக் கடிதத்தின் பெயர் 'சூராட் சுங்கை', ஆற்றுக் கடிதம். 1844 முதல் இந்த வழக்கம் இருந்தது. அந்தத் தலைவரைக் 'காங்சூ' என்றார்கள். கங்கார் பூலாய், கங்கார் தெப்ராவ் என்று இன்றைக்கும் நாம் சொல்லும் ஊர்ப் பெயர்கள் அந்தக் காலத்தின் மிச்சம். பாலத்துக்கு அந்தப் பக்கம் சுவா சூ காங், லிம் சூ காங், இயோ சூ காங் என்று இருக்கிறதே, அவையும் அதே வழியில் வந்த பெயர்கள்தாம்.

"நான் தினமும் போற வழியில இருக்கிற பேரு எல்லாமா?" என்றாள் அண்ணன் மகள்.

"ஆமா. உனக்கு முன்னாலயே இந்தக் கடலை ரெண்டு பக்கமும் தாண்டினவங்க இருந்திருக்காங்க."

ஐந்து கூட்டம், ஒரு கோயில்

ஜாலான் துருஸில் இருக்கும் பழைய சீனக் கோயிலில் உள்ள மிகப் பழைய பெயர்ப்பலகை 1870-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதை வைத்தே கோயிலின் வயதைச் சொல்கிறார்கள். கட்டுவதற்கு முன்நின்றவராகச் சொல்லப்படுபவர் தான் ஹியோக் நீ. தியோச்சூ சமூகத்தைச் சேர்ந்த பெரும் வணிகர், ஜொகூர் சீனர்களுக்குத் தலைவராக இருந்தவர். கடைகளும் காப்பிக் கடைகளுமாக நாம் சுற்றுகிற ஜாலான் தான் ஹியோக் நீ அவர் பெயரில் உள்ளதுதான்.

இந்தக் கோயிலுக்கு ஒரு விசேஷம் உண்டு. சீனர் என்று நாம் ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறோம். அன்றைக்கு அவர்கள் அப்படி இல்லை. தியோச்சூ, ஹொக்கியென், ஹக்கா, கந்தோனீஸ், ஹைனானீஸ் என்று ஐந்து மொழிக் கூட்டம். ஒருவர் பேசுவது மற்றவருக்குப் புரியாது. தொழில் வேறு, சாமி வேறு, சங்கம் வேறு. வேறு ஊர்களில் தனித்தனியாகவே கோயில் கட்டிக்கொண்டார்கள். ஜொகூர் பாருவில் மட்டும் ஐந்து சாமிகளும் ஒரே கூரைக்குக் கீழே வந்தன. தியோச்சூக்காரர்களுக்கு யுவான் தியென் ஷாங் தி, ஹொக்கியென்களுக்கு ஹோங் சியென் தா தி, ஹக்காக்களுக்கு கான் தியென் தா தி, கந்தோனீஸ்காரர்களுக்கு ஹுவா குவாங் தா தி, ஹைனானீஸ்காரர்களுக்கு சாவ் தா யுவான் ஷுவாய்.

இவர்களில் ஹோங் சியென் தா தி புலியை அடக்கும் தெய்வம் என்று சொல்வார்கள். காம்பிர் தோட்டங்களில் புலி அடித்துச் செத்தவர்கள் அநேகம். நம் ஆட்கள் ரப்பர் காட்டின் எல்லையில் முனீஸ்வரரை நட்டு வைத்துக் கும்பிட்டது போலத்தான். காட்டில் வேலை செய்கிறவனுக்குப் பயம் ஒன்றுதான். சாமியின் பெயர் மட்டும் மாறும்.

இவ்வளவு ஒற்றுமை எங்கிருந்து வந்தது? நல்ல மனசு மட்டும் காரணம் என்று நான் சொல்லமாட்டேன். 1854-இல் கடலுக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் ஹொக்கியென்களுக்கும் தியோச்சூக்காரர்களுக்கும் பெரிய கலவரம் நடந்தது. பத்து நாள் அளவுக்கு நீண்டது. சுமார் 400 பேர் செத்தார்கள். அந்தத் தீ இந்தக் கரைக்கு வந்துவிடக் கூடாது என்று அபு பக்காருக்குத் தெரிந்திருக்கும். ஜொகூரில் ங்கீ ஹெங் கொங்சி என்ற ஒரே சங்கத்துக்கு மட்டும்தான் அவர் அனுமதி கொடுத்தார். 1873-இல் காங்சூகளுக்காகப் போட்ட சட்டத்திலேயே வேறு சங்கத்துக்கு இடமில்லை என்று எழுதிவிட்டார். தனித்தனியாகப் பிரிந்து அடித்துக்கொள்ள வழியில்லாமல் போனது. ஒரே சங்கம், ஒரே கோயில், பிறகு ஒரே ஊர்வலம்.

ஆக, முதலில் வந்தது கட்டாயம். பழக்கம் அதற்குப் பிறகு வந்தது. ஒற்றுமை கடைசியில்தான் வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. 1913-இல் ஃபூன் யூ பள்ளியைத் தொடங்கியபோதும் எல்லாக் கூட்டமும் சேர்ந்தே தொடங்கியது. 1919-இல் ங்கீ ஹெங் சங்கம் கலைக்கப்பட்டபோது கையிருந்த பணத்தில் ஒரு பங்கு அந்தப் பள்ளிக்குப் போனது. இன்று அந்தப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கை உங்களுக்கே தெரியும். காலையில் அந்தச் சாலையில் சிக்கியவர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

ஐந்து நாள் திருவிழா

சீன நாள்காட்டியின் முதல் மாதம் பதினெட்டாம் நாள் விளக்கேற்றம். பத்தொன்பதில் வீதியைத் தூய்மை செய்யும் சடங்கு. இருபதாம் நாள் காலை ஐந்து தெய்வங்களும் கோயிலை விட்டுப் புறப்பட்டு ஜாலான் ஊலு ஆயர் மோலெக்கில் உள்ள தங்குமண்டபத்துக்குப் போகும். இருபத்தோராம் நாள் இரவு நகர்வலம். இருபத்திரண்டில் மறுபடியும் கோயிலுக்குத் திரும்பும். நகர்வலத்தில் ஹைனானீஸ் பல்லக்கு முதலில் வரும். கந்தோனீஸ், ஹக்கா, ஹொக்கியென் என்று வரிசையாக வந்து, கடைசியில் தியோச்சூ பல்லக்கு. பெரியவர் கடைசியில் வருவார். சிங்கமும் யாளியும் மேளமும் அலங்கார வண்டிகளும் இடையிடையே வரும்.

நம் ஊர்க் கோயில்களில் பஞ்சமூர்த்தி புறப்பாடு பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. பிள்ளையார் முன்னால் போவார், சண்டிகேஸ்வரர் கடைசியில் வருவார். அங்கும் ஐந்து, இங்கும் ஐந்து. ஒரு வித்தியாசம் உண்டு. நம் ஐவரும் ஒரே குடும்பம். இவர்களுடைய ஐவரும் ஒருவருக்கொருவர் உறவில்லாத ஐந்து ஊர்க்காரர்கள். உறவில்லாதவர்களை வரிசையாக நிறுத்தி, யார் முன்னால் யார் பின்னால் என்ற சண்டையில்லாமல் 150 ஆண்டுகளுக்கும் மேலாக நடத்துவது லேசான காரியமா? எத்தனை நம் கோயில்களில் முதல் மரியாதைக்காக நாற்காலி பறந்திருக்கிறது!

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாப் கோ மே என்பது பௌர்ணமி. தைப்பூசமும் பௌர்ணமியை ஒட்டியே வரும். 2023-இல் இரண்டும் ஒரே நாளில், பிப்ரவரி 5-இல் வந்தன. அந்த மாதிரி ஆண்டுகளில் நாம் காவடி இறக்கி ஒரு வாரம் ஆவதற்குள் அவர்கள் பல்லக்கைத் தூக்குவார்கள். 2024-இல் அது மாசி மகத்தோடு ஒட்டி வந்தது. அதே நிலவு, அதே நகரம், அதே போலீஸ்காரர்கள்.

'சிங்கே' என்ற சொல்லுக்கு வேடமும் அலங்காரமும் கொண்ட ஊர்வலம் என்பது போலப் பொருள். பினாங்கில் சிங்கே என்றால் வானுயரக் கொடிக்கம்பத்தை நெற்றியிலும் தோளிலும் நிறுத்திக் காட்டும் வித்தை. சிங்கப்பூரில் 1972-இல் பட்டாசைத் தடை செய்தார்கள். பெருநாள் களையிழந்துவிடக் கூடாதே என்று 1973-இல் சிங்கே அணிவகுப்பைத் தொடங்கினார்கள். இன்று அது எல்லா இனத்தவரும் ஆடும் தேசியக் கலைவிழா. ஜொகூர் பாருவில் மட்டும் அது இன்னும் சாமி புறப்பாடாகவே இருக்கிறது.

நின்ற ஆண்டுகள், இடிந்த வாசல்

இந்த ஊர்வலம் நின்றதே இல்லையா? நின்றிருக்கிறது. 1942 ஜனவரி 31-ஆம் தேதி பிரிட்டிஷ் படைகள் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூருக்குப் பின்வாங்கின. பாலத்தில் ஒரு பகுதியை வெடி வைத்துத் தகர்த்துவிட்டுப் போனார்கள். பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் சரணடைந்தது. அன்றுதான் அந்த ஆண்டின் சீனப் பெருநாள் முதல் நாள். சீனர்கள் என்றாலே ஜப்பானியர்கள் சந்தேகப்பட்ட நேரம். பல்லக்கை எங்கே தூக்குவது?

அடுத்து நின்றது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும் பெருந்தொற்றுக் காலம். 2021-இல் ஊர்வலம் வீதிக்கு வரவில்லை. ஜாலான் துருஸ் வெறிச்சோடிக் கிடந்தது. பிறகு மீண்டும் புறப்பட்ட ஆண்டில் கூட்டத்தில் அழுதவர்களை நானே பார்த்தேன்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒன்று நடந்தது. அதுதான் என் கட்டுரைக்கு முக்கியம். 1991-இல் கோயிலின் முன்வாயில் இடிக்கப்பட்டது. ஊரே கொதித்தது. அதுவரை 'கோயில் இருக்கிறது, எப்போதும் இருக்கும்' என்று இருந்தவர்கள் விழித்துக்கொண்டார்கள். தொண்ணூறுகளின் நடுவில் கோயிலைப் பழைய முறைப்படி சீரமைத்தார்கள். கல்வெட்டையும் பலகையையும் மணியையும் படித்துப் பதிவு செய்தார்கள். வயதானவர்களைத் தேடிப்போய்ப் பேச வைத்தார்கள். புத்தகங்கள் வந்தன. 2009-இல் ஜாலான் இப்ராகிமில் சீனர் பாரம்பரிய அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. 2012-இல் சிங்கே ஊர்வலத்தை மலேசிய அரசு தேசியப் பாரம்பரியமாக அறிவித்தது. ஒரு வாசல் இடிந்ததால் ஒரு வரலாறு எழுதப்பட்டது.

இதை எல்லாம் அண்ணன் மகளிடம் சொல்லி முடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. அப்போது அவள் அடுத்த கேள்வியைக் கேட்டாள்.

"நம்ம கோயில் தேர் எப்பத் தொடங்குச்சு சித்தப்பா?"

எனக்குத் தெரியவில்லை.

நம் பக்கத்துக் கதை

பெரிய செய்திகள் தெரியும். ரயில் பாதை 1909-இல் ஜொகூர் பாருவை எட்டியது. பாதை போட்டவர்களில் நம்மவர்கள் இருந்தார்கள். காம்பிர் மங்கி ரப்பர் வந்தபோது ஜொகூர் தோட்டங்களுக்கு நம் ஆட்களைக் கப்பல் கப்பலாகக் கொண்டு வந்தார்கள். ஜாலான் உங்கு புவானில் உள்ள ராஜ மாரியம்மன் ஆலயத்தின் தொடக்கம் 1911. சுல்தான் கொடுத்த நிலம் என்பதால்தான் அம்மன் பெயரில் 'ராஜ' சேர்ந்தது என்பார்கள். ஜாலான் துருஸிலேயே சீக்கியர்களின் குருத்வாரா இருக்கிறது. சற்று நடந்தால் இந்திய முஸ்லிம்களின் பள்ளிவாசல். ஜாலான் டோபி என்ற பெயர் அங்கே துணி வெளுத்த நம் சலவைத் தொழிலாளர்களால் வந்தது. ஜொகூர் பாலம் 1924-இல் முறைப்படி திறக்கப்பட்டது.

இது எல்லாம் ஊர் வரலாறு. நான் கேட்டது அது இல்லையே. என் அப்பா கும்பிட்ட சிறிய கோயில் ஒன்று இருந்தது. ரயில்வே வீடுகளுக்குப் பின்னால், தகரக் கூரை போட்டது. பெயர் வேண்டாம். அந்தக் கோயிலில் ஆண்டுக்கு ஒருமுறை சிறிய தேர் இழுப்போம். முதல் தேரை யார் செய்தார்கள்? எந்த ஆண்டு? மரம் எங்கிருந்து வந்தது? தேருக்கு முன்னால் கரகம் ஆடிய பெண்மணி யார்? ஒன்றுக்கும் எனக்குப் பதில் இல்லை.

கோயில் நிர்வாகத்தில் இருந்த பெரியவர் ஒருவரைப் போய்ப் பார்த்தேன். அவர் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டு வந்து வைத்தார். உள்ளே கரையான் தின்றது போக மிஞ்சிய ரசீதுகள். மொத்தம் பதினொன்று. "கோயில் இடம் மாறும்போது மீதி எல்லாம் மழையில போச்சு தம்பி" என்றார். அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? அவர் மண்வெட்டி பிடித்து அந்தக் கோயிலைக் காப்பாற்றியவர். காகிதத்தைக் காப்பாற்ற வேண்டும் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. படித்துவிட்டு அலுவலகம் போன நான்தான் சொல்லியிருக்க வேண்டும்.

தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. தோட்டத்துக் கோயில்கள் இடம் மாறிவிட்டன, சில இல்லாமலே போய்விட்டன. அவர்களுடைய வாசல் ஒருமுறை இடிந்தது. விழித்துக்கொண்டார்கள். நமக்கு எத்தனை வாசல் இடிந்தது? ஒவ்வொரு முறையும் ஆத்திரப்பட்டோம், ஊர்வலம் போனோம், மனு கொடுத்தோம். அது தேவைதான். ஆனால் எழுதி வைத்தோமா? நீதிமன்றமோ நில அலுவலகமோ கேட்கும் முதல் கேள்வி 'எத்தனை ஆண்டாக இருக்கிறது, ஆதாரம் எங்கே' என்பதுதான். நம் பதில் பெரும்பாலும் 'எங்க தாத்தா காலத்துலேருந்து' என்பதாகவே இருக்கிறது. தாத்தாவின் பெயர் கூடச் சில சமயம் தெரிவதில்லை.

அம்மாவின் தகர டப்பா

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். அம்மாவுக்கு இப்போது எண்பத்து நான்கு வயது. காது கொஞ்சம் மந்தம். நினைவு மட்டும் கத்தி மாதிரி. அலமாரிக்கு மேலிருந்து ஒரு டப்பாவை எடுக்கச் சொன்னார். அதற்குள் முப்பது நாற்பது கறுப்பு வெள்ளைப் படங்கள். எந்தப் படத்தின் பின்புறத்திலும் ஒரு எழுத்து கிடையாது.

அண்ணன் மகள் பக்கத்தில் உட்கார்ந்தாள். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டாள். ஒவ்வொரு படமாக எடுத்து "இது யாரு பாட்டி?" என்று கேட்டாள். அம்மா சொல்லச் சொல்லப் படத்துக்குப் பின்னால் எழுதினாள். ஒரு படத்தில் அந்தச் சிறிய தேர். வடத்தைப் பிடித்தபடி ஏழெட்டுப் பேர்.

"இது உங்க தாத்தா. இது லாண்டரிக்காரரோட மச்சான். இவர் தச்சர், நாகப்பட்டினத்துல இருந்து கப்பல்ல வந்தவர். தேரை இவர்தான் செஞ்சார். கூலி வாங்கல. மூணு வேளைச் சோறும் ஒரு வேட்டியும்தான்."

"எந்த வருஷம் பாட்டி?"

"உங்கப்பா வயித்துல இருந்தான். ஆடி மாசம்."

என் அண்ணன் பிறந்த ஆண்டு எங்களுக்குத் தெரியும். ஆக, தேரின் ஆண்டும் தெரிந்துவிட்டது. 1963. அறுபது வருடமாக இந்தப் பதில் எங்கள் வீட்டு அலமாரியின் மேலேயே இருந்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. அவ்வளவுதான்.

வாசகர்களே, இந்த வாரம் உங்களுக்கு ஒரு வேலை கொடுக்கிறேன். பெரிய வேலை இல்லை. ஞாயிற்றுக்கிழமைப் பசியாறலுக்குப் பிறகு ஒரு மணி நேரம் போதும். வீட்டிலுள்ள மூத்தவரின் பக்கத்தில் உட்காருங்கள். பழைய படங்களை எடுங்கள். யார், எங்கே, எந்த ஆண்டு, என்ன விசேஷம் என்று கேளுங்கள். ஆண்டு நினைவில்லை என்றால் அப்போது யார் பிறந்தார், யார் இறந்தார், எந்தத் தேர்தல், எந்த வெள்ளம் என்று கேளுங்கள். வந்துவிடும். படத்தின் பின்னால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். படத்தின் இரண்டு பக்கத்தையும் கைப்பேசியில் பிடித்துக் குடும்பக் குழுவில் போடுங்கள். கோயில் ரசீது, திருவிழா அழைப்பிதழ், நாடக நோட்டீஸ் எது கிடைத்தாலும் குப்பையில் போடாதீர்கள். கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்கள் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவோடு ஒரு பக்கம் வரலாறும் சேர்த்து எழுதி வைத்தால் பத்து வருடத்தில் பத்துப் பக்கம் ஆகிவிடும்.

இது எங்கள் வீட்டில் முடிந்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். டப்பாவின் அடியில் ஒரு படம் இருந்தது. இருக்கும் என்றே எனக்குத் தெரியாது. வீதியில் படம் எடுத்து விற்பவர் யாரோ எடுத்தது. அப்பா தலையில் கடலைத் தட்டு. பக்கத்தில் ஒரு சீனத் தாத்தா, சட்டை நனைந்திருக்கிறது. அவர் தோளில் வாயைப் பிளந்தபடி ஒரு பையன். அந்தப் பையன் நான்.

அம்மா படத்தை விளக்கின் பக்கம் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். "இது மளிகைக்கடைத் தவுக்கே இல்ல. காப்பிக்கடைக்காரரும் இல்ல. யாருன்னு தெரியலையே" என்றார்.

அண்ணன் மகள் படத்தைத் திருப்பி வைத்துப் பென்சிலால் எழுதினாள். அப்பாவின் பெயர். என் பெயர். ஜொகூர் பாரு, சிங்கே இரவு. அதற்குக் கீழே: 'தூக்கி வைத்திருப்பவர் பெயர் தெரியவில்லை. கடலைக்குக் காசு கொடுத்தார்.'